லோத்பரி தெருவின் ஒற்றை முள் கடிகாரங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் ஏலப் பட்டியலில் வந்த ஒரு படத்தை அனுப்பி விவரம் கேட்டிருந்தார். பித்தளைக் கடிகாரம், உச்சியில் மணி, நான்கு மூலைக்கும் நான்கு தூண், டயலில் ஒரே ஒரு முள். 'தாமஸ் நிஃப்டன், லோத்பரி, லண்டன்' என்று பொறித்திருக்கிறது, சுமார் 1650 என்று கீழே போட்டிருக்கிறார்கள். இன்னொரு முள் உடைந்துபோய்விட்டதா, இந்த நிஃப்டன் யார், உண்மையிலேயே அவ்வளவு பழசா, வாங்கலாமா என்று கேட்கிறார். லாந்தர் கடிகாரம் என்று சொல்லும் இந்த வகைக் கடிகாரங்களைக் கழற்றிப் பழுது பார்ப்பதிலேயே என் பல வருஷங்கள் போயிருக்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே, அவரிடமே பேசுவதுபோல எழுதுகிறேன். படத்தை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று சொன்னால் அது அவருக்கும் உதவாது, கடிகாரத்துக்கும் நியாயம் ஆகாது.

முதலில் முள். எதுவும் உடையவில்லை. இவற்றுக்கு எப்போதுமே ஒரு முள்தான், மணி முள். டயலில் ரோமன் எண்கள் உள்ள வளையத்தின் உள்விளிம்பைப் பாருங்கள், ஒவ்வொரு மணிக்கும் இடையில் நான்கு கட்டங்கள் இருக்கும், ஐந்து இருக்காது. ஒரு கட்டம் கால் மணி நேரம். முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பூ மாதிரி ஒரு குறியில் நின்றால் இரண்டரை, அதைத் தாண்டி ஒரு கட்டம் போனால் இரண்டே முக்கால். பழகிவிட்டால் ஐந்து நிமிடம் முன்னே பின்னே கண்ணாலேயே சொல்லிவிடலாம். இரண்டு முள் இருக்கிற 'லாந்தர் கடிகாரம்' கண்ணில் பட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

'லாந்தர்' என்ற பெயரே பின்னால் வந்தது. அந்தக் காலத்து உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் இதைப் பித்தளைக் கடிகாரம் என்றோ வீட்டுக் கடிகாரம் என்றோதான் எழுதிவைத்தார்கள். உருவம் கையில் தூக்கிப்போகும் லாந்தர் விளக்கு மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள் சிலர், பித்தளைக்கு அப்போது இருந்த 'லாட்டன்' என்ற சொல் திரிந்தது என்பார்கள் வேறு சிலர். பழம்பொருள் வியாபாரிகள் 'கிராம்வெல் கடிகாரம்' என்றும் சொல்வதுண்டு. அது பொருத்தமில்லாத பெயர். ஆலிவர் கிராம்வெல் இங்கிலாந்தை ஆண்டது 1653 முதல் 1658 வரை ஐந்தே வருஷம், இந்தக் கடிகாரங்களோ அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கி, அவருக்குப் பின் நூறு வருஷம் கழித்தும் செய்யப்பட்டவை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உயரம் சாதாரணமாகப் பதினைந்து, பதினாறு அங்குலம். நான்கு பித்தளைத் தூண்கள், கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, இதுதான் கூடு. கோயில் மண்டபம் மாதிரி நான்கு தூணில் நிற்கும் கட்டுமானம். பின்னாளில் வந்த கடிகாரங்களில் இரண்டு தகடுகளுக்கு நடுவே சக்கரங்களைக் கோத்தார்கள், அங்கே மணி காட்டும் சக்கரவரிசையும் மணி அடிக்கும் சக்கரவரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். லாந்தர் கடிகாரத்தில் ஒன்றின் பின்னால் ஒன்று, முன்வரிசை நேரத்துக்கு, பின்வரிசை மணிக்கு. இரண்டு பக்கமும் சின்னக் கதவுகள், தூசி போகாமல் இருக்க. பின்புறம் இரும்புத் தகடு, மேலே சுவரில் ஆணியில் மாட்ட ஒரு இரும்பு வளையம், கீழே பின்னங்கால்களில் சுவரைக் குத்திப் பிடிக்க இரண்டு கூர்முனைகள். கயிற்றில் தொங்கும் எடையின் இழுப்பில்தான் சக்கரங்கள் ஓடும், எடையை மேலே ஏற்றக் கயிற்றை இழுக்கும்போது கடிகாரம் ஆடாமல் இருக்க அந்த முனைகள்தான் காவல்.

உச்சியில் கிண்ணம் கவிழ்த்தது போல வெண்கல மணி. மணியின் கீழ்விளிம்பையும் சுத்தியலையும் மறைக்க மூன்று பக்கம் துளைவேலைத் தகடுகள் நிற்கும். வால்கள் பின்னிக்கொண்ட இரண்டு டால்ஃபின் மீன்கள் இருக்கும் வடிவத்தைத்தான் இன்று எல்லாரும் லாந்தர் கடிகாரத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள், அது பெருவாரியாகப் பரவியது 1660-களுக்கு அப்புறம். அதற்கு முந்தையவற்றில் வேறு வேறு கொடிவேலைகள் உண்டு. முன்தகட்டில் மட்டும் செதுக்குவேலை இருக்கும், பக்கத் தகடுகளைப் பெரும்பாலும் வெறுமனே விட்டுவிடுவார்கள். அவற்றைச் செதுக்கினாலும் பார்க்க ஆள் கிடையாது என்பதுதான் கணக்கு.

இந்தக் கடிகாரத்தின் உயிர் மேல்தட்டுக்கு மேலே, மணிக்கு அடியில் இருக்கிறது. 1658-க்கு முன் செய்தவற்றில் பெண்டுலம் கிடையாது. அங்கே படுக்கைவசமாக ஒரு கனத்த வளையம், வண்டிச்சக்கரத்தின் குட்டி மாதிரி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருக்கும். இதைச் சமன்சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவிலிருந்து ஒரு கம்பி நேராக உள்ளே இறங்கும், கம்பியில் ஒன்றுக்கொன்று கோணமாக இரண்டு சின்ன நாக்குகள். எதிரே கிரீடம் மாதிரி பல் வைத்த சக்கரம். ஒரு பல் மேல்நாக்கைத் தள்ளும், சமன்சக்கரம் ஒரு பக்கம் திரும்பும், அதற்குள் எதிர்ப்பக்கத்துப் பல் ஒன்று கீழ்நாக்கில் வந்து மோதும், சமன்சக்கரம் நின்று மறுபக்கம் திரும்பும். அவ்வளவுதான் இயக்கம். கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல அதைத் திருப்பி இழுக்க மெல்லிய சுருள்வில் எதுவும் இல்லை. தள்ளுவதும் பல்தான், நிறுத்துவதும் பல்தான். அதனால் வேகம் முழுக்க முழுக்கத் தள்ளும் பலத்தைப் பொறுத்தது. எண்ணெய் கெட்டியானால் மெதுவாகும், தூசி சேர்ந்தால் மெதுவாகும், குளிர் வந்தால் மெதுவாகும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பிசகினால் அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நேரத்தைச் சரிசெய்ய எடையில் ஈயக் குண்டுகளைச் சேர்ப்பார்கள், எடுப்பார்கள். கால் மணிக்குக் கீழே காட்டினால்கூட நம்ப முடியாத ஒரு கருவிக்கு நிமிட முள் எதற்கு? ஒற்றை முள்ளுக்குக் காரணம் இதுதான். முள்ளைத் திருத்துவதும் சுலபம், விரலால் தள்ளினால் போதும், சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

மாற்றப்படாத சமன்சக்கரம் ஓடுவதை ஒரே ஒரு முறை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். நமக்குப் பழகிய டிக் டிக் ஓசை அது இல்லை. இரும்பு நாக்கில் பித்தளைப் பல் விழும் கனமான தட்டல், ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடைவெளி கேட்கக் கேட்கக் கொஞ்சம் கூடும், குறையும். மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கடிகாரங்கள்மேல் நிஜமான பிரியம் வந்தது.

மணி அடிக்கும் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்கியவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் என்னைக் கூப்பிடுவது இதற்காகத்தான். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78 அடி. கடிகாரத்தின் பின்பக்கம் ஒரு தட்டையான சக்கரம் இருக்கிறது, அதன் விளிம்பில் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடையேயான தூரம் ஒவ்வொன்றாக அதிகமாகிக்கொண்டே போகும். ஒரு கொக்கி பள்ளத்தில் விழுந்தால் அடிப்பது நிற்கும், விழாதவரை அடித்துக்கொண்டே இருக்கும். இந்தச் சக்கரத்துக்கும் முள்ளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. முள் மணிக்கு ஒருமுறை 'அடி' என்று தூண்டிவிடுவதோடு சரி, எத்தனை அடி என்பது அந்தச் சக்கரத்தின் பாடு. அடிக்கும் பக்கத்து எடை தரையைத் தொட்டு நின்றுபோய், முள் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டால், அப்புறம் கடிகாரம் ஐந்து காட்டி மூன்று அடிக்கும். கெட்டுப்போகவில்லை. கொக்கியைக் கையால் தூக்கி விட்டு, முள் காட்டுகிற எண் வரும்வரை அடிக்க விடுங்கள், போதும். முள்ளைப் பின்னால் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தூண்டும் கம்பி வளைந்துவிடும்.

இனி, செய்தவர்கள்.

1500-களின் கடைசியில் லண்டனில் வீட்டுக் கடிகாரம் என்று இருந்ததெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது, அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் செய்தது. பிளாண்டர்ஸ், பிரான்ஸ் பக்கம் மதக் கலவரத்துக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்ட் கைவினைஞர்கள் பலர் லண்டனில் குடியேறினார்கள். அவர்களில் பெரிய பெயர் நிக்கோலஸ் வாலின். லீல் நகரத்துக் குடும்பம், தந்தையோடு லண்டனில் தொழில் செய்தவர். 1598 என்று ஆண்டு பொறித்து அவர் செய்த இசைக் கடிகாரம் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை பதின்மூன்று மணிகளில் மெட்டு வாசிக்கும். 1603-இல் லண்டனைத் தாக்கிய பிளேக்கில் அவர் இறந்துபோனார். அவருடைய கடிகாரங்களைப் பார்த்துவிட்டு லாந்தர் கடிகாரத்துக்கு வந்தால் உறவு தெரியும், அதே நான்கு தூண், அதே மணி. ஆனால் அவர்கள் மரபு இரும்பு மரபு. கூடு இரும்பு, சக்கரங்கள்கூடப் பல சமயம் இரும்பு.

அந்த இரும்பு உடம்பைப் பித்தளைக்கு மாற்றியதுதான் லண்டன்காரர்கள் செய்த காரியம், 1600-ஐ ஒட்டித் தொடங்கி 1620-க்குள் ஒரு நிலையான வடிவம் வந்துவிட்டது. மிகத் தொடக்க காலத்து லாந்தர் கடிகாரங்களில் ராபர்ட் ஹார்வி என்ற பெயர் கிடைக்கிறது. அவருக்கு அடுத்த தலைமுறையில் வில்லியம் போயர், லெடன்ஹால் தெருக்காரர். எனக்கு இவர் வேலையில் தனி மரியாதை உண்டு, ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் போடாமல் செய்துபார்த்துக்கொண்டே இருந்தவர்.

இது ஏன் பித்தளைக்கு மாறியது என்று கேட்டால் அதற்கு விடை ஒரு தெருவில் இருக்கிறது. உங்கள் படத்தில் பொறித்திருக்கும் அதே லோத்பரி. இன்று இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டிப் போகிற குறுகிய தெரு. அன்று அது வார்ப்புக்காரர்களின் தெரு, அவர்களுடைய சங்க மண்டபமும் அங்கேதான். ஜான் ஸ்டோ 1598-இல் லண்டன் நகரைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலில் இந்தத் தெருவைப் பற்றிச் சொல்கிறார். மெழுகுவர்த்தித் தாங்கிகள், கணப்புத் தட்டுகள், மசாலா இடிக்கும் உரல்கள் இதையெல்லாம் செம்பிலும் பித்தளையிலும் வார்த்து, பிறகு கடைசலில் போட்டுச் சுரண்டி வழவழப்பாக்குவார்களாம், பழக்கமில்லாமல் அந்த வழியே போகிறவர்கள் அந்தச் சத்தம் தாங்காமல் முகம் சுளிப்பார்களாம், அதனால்தான் தெருவுக்கே இந்தப் பெயர் வந்தது என்று அவர் எழுதுகிறார். பெயர்க்காரணம் எப்படியோ போகட்டும், அந்தச் சத்தம் நிஜம். லாந்தர் கடிகாரத்தின் தூணையும் காலையும் உச்சிக் குமிழையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், அது கடிகாரக்காரன் யோசித்த வடிவமே இல்லை, மெழுகுவர்த்தித் தாங்கியின் தண்டு! அதே வார்ப்புக்காரர், அதே மணல் அச்சு, அதே கடைசல். கொல்லுப்பட்டறையில் ஒவ்வொரு தூணையும் தட்டி எடுத்த இடத்தில், இங்கே ஒரு மரமாதிரியை வைத்து நாற்பது தூண் வார்த்துவிடலாம்.

இதனால் ஒரு விஷயம் நடந்தது, வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரே மாதிரித் தூணும் ஒரே மாதிரித் துளைவேலைத் தகடும் வேறு வேறு பெயர் போட்ட கடிகாரங்களில் கிடைக்கின்றன. ஏனென்றால் ஒரே வார்ப்புக்காரரிடம்தான் பலரும் வாங்கினார்கள். பெயர் பொறித்தவர் சக்கரம் அறுத்து, பல் தீட்டி, பூட்டி ஓடவைத்தவர். அச்சு வார்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் காலத்தைக் கணிக்க அவருடைய கைதான் அதிகம் உதவுகிறது. இன்ன தூண் இன்ன பத்தாண்டில் வழக்கில் இருந்தது என்று தெரிந்தவர்கள், பெயர் இல்லாத கடிகாரத்துக்கும் வயது சொல்லிவிடுவார்கள்.

கடிகாரத் தொழிலுக்கு அதுவரை தனிச் சங்கம் இல்லை. பலர் கொல்லர் சங்கத்தில் இருந்தார்கள், சிலர் துணிக்காரர் சங்கம் போன்ற வேறு சங்கங்களில். நகருக்குள் தொழில் செய்ய ஏதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினர் ஆகியே தீரவேண்டும், அது எந்தச் சங்கம் என்பது முக்கியமில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பெருகுவதைப் பற்றிய முறையீடுகள், கொல்லர் சங்கத்தின் எதிர்ப்பு எல்லாவற்றையும் தாண்டி, 1631 ஆகஸ்ட் 22 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் கடிகாரக்காரர் கம்பெனி என்ற தனிச் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார். லண்டனிலும் சுற்றிப் பத்து மைலிலும் இந்தத் தொழிலை மேற்பார்வையிடும் அதிகாரம். முதல் தலைவர் டேவிட் ராம்சே என்ற ஸ்காட்லாந்துக்காரர், அரண்மனைக் கடிகாரக்காரர். நம்ம போயர் இதில் ஒரு வேடிக்கையான இடத்தில் வருகிறார்: பதவிகள் எதுவும் தன் தலையில் கட்டவேண்டாம் என்று கேட்டு, அதற்கு ஈடாக 1642-இல் கம்பெனிக்கு ஒரு பெரிய கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார். பட்டறையை விட்டுக் கூட்டங்களுக்கு அலைய மனமில்லாத மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதே காலத்தவர் பீட்டர் க்ளோசன், ஹோல்போர்ன் பாலத்துக்கு அருகே கடை. தன் கடிகாரங்களில் அந்த முகவரியையே பொறித்துவைத்தார். லோத்பரியில் 'கடற்கன்னி' அடையாளப் பலகையின் கீழ் வில்லியம் செல்வுட், அவர் சகோதரர் ஜான் செல்வுட். கதவு எண்கள் இல்லாத காலம் என்பதால் கடையின் பலகைதான் முகவரி. செல்வுட்களுக்குப் பிறகு அதே கடற்கன்னிக்கு வந்தவர் தாமஸ் லூம்ஸ், ஜான் செல்வுட்டிடம் தொழில் கற்றவர். உங்கள் தாமஸ் நிஃப்டன் அதே தெருவில் 'குறுக்குச் சாவிகள்' பலகையின் கீழ் இருந்தார். அவருடைய உண்மையான கடிகாரங்கள் சில இன்றும் இருக்கின்றன, 1650-களில் நன்றாகப் பெயர் எடுத்தவர். ஆகவே பெயரும் தெருவும் காலமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அதுவரை சரி.

அடுத்து வந்தது அந்தத் தெருவையே புரட்டிப்போட்டது. அஹாசுவரஸ் ஃப்ரோமண்டீல் என்று ஒருவர், நாரிச் நகரில் 1607-இல் பிறந்தவர், பிளாண்டர்ஸ் வம்சம், 1632-இல் கம்பெனியில் சேர்ந்தவர். டச்சுத் தேசத்தில் விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1656-இன் இறுதியில் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பூட்டினார், ஹேக் நகரக் கடிகாரக்காரர் சாலமன் கோஸ்டர் அதற்கு 1657-இல் காப்புரிமை வாங்கினார். ஃப்ரோமண்டீல் தன் மகன் ஜானை அங்கே அனுப்பினார். கோஸ்டரோடு ஜான் போட்ட ஒப்பந்தத்தின் தேதி 1657 செப்டம்பர் 3. மறு வருஷமே, 1658-இன் கடைசியில், லண்டன் செய்தித்தாள்களில் ஃப்ரோமண்டீல் விளம்பரம் வந்துவிட்டது. இதுவரை செய்த எதையும்விடச் சரியாக ஓடும் கடிகாரங்கள், தட்பவெப்பம் மாறினாலும் மாறாதவை, ஒருமுறை முறுக்கினால் ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம்கூட ஓடும்படி செய்யலாம், கிடைக்குமிடம் தேம்ஸின் தென்கரையில் சதக்கில் தன் வீடு, அல்லது லோத்பரியில் கடற்கன்னி. ஆமாம், லூம்ஸின் அதே கடற்கன்னி. லூம்ஸ் அதற்குள் ஃப்ரோமண்டீலின் மருமகனாகியிருந்தார்.

பெண்டுலம் ஒரு நாள் பிசகைக் கால் மணியிலிருந்து ஒரு நிமிடத்துக்குக் கிட்டே கொண்டுவந்துவிட்டது. அதைப் பார்த்தபின் பழைய சமன்சக்கரத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் லாந்தர் கடிகாரம் வைத்திருந்த ஒவ்வொருவரும் அதைப் பக்கத்துக் கடிகாரக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் ஒரு சாண் நீளத்துக்குக் குட்டைப் பெண்டுலம், பழைய நாக்கு முறையிலேயே. அதற்குக் கிரீடச் சக்கரத்தைப் படுக்கவைக்க வேண்டும், கம்பியைப் படுக்கவைக்க வேண்டும். பிறகு 1670 வாக்கில் நங்கூர வடிவ நாக்கு வந்தது, அதோடு ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளப் பெண்டுலம், சரியாக ஒரு வினாடிக்கு ஒரு வீச்சு. அப்போது மறுபடியும் மாற்றினார்கள். இரண்டு எடை, இரண்டு கயிறு இருந்த இடத்தில் ஹைகன்ஸ் கண்டுபிடித்த, இரண்டு முனையும் இணைந்த முடிவில்லாக் கயிற்றைப் போட்டு ஒரே எடையில் இரண்டு வரிசையையும் ஓட்டினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இழுத்த கயிற்றை, அதன்பின் நாளுக்கு ஒருமுறை இழுத்தால் போதும். சமன்சக்கரத்தோடு அப்படியே மிஞ்சிய கடிகாரங்கள் மிக மிக அரிது, விலையும் அதற்கேற்ப.

இதைச் சிலர் சிதைப்பு என்று வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரம் பார்க்கத்தான் வாங்கினார்கள், நன்றாகக் காட்ட வழி கிடைத்ததும் மாற்றிக்கொண்டார்கள். மாற்றாதவை பலவும் உடைத்து உருக்கப்பட்டன, மாற்றியவைதான் பிழைத்தன. 1666-இல் லண்டனை அழித்த பெருந்தீயில் லோத்பரியும் எரிந்தது, அந்தக் கடைகளும் அச்சுகளும் எரிந்தன, ஆனால் ஊருக்குப் போன கடிகாரங்கள் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தன.

மேலும், இந்த மாற்றங்கள் எல்லாம் தடம் விட்டுப்போயிருக்கின்றன. எனக்கு முதலில் பாடம் கற்றுக்கொடுத்த கடிகாரத்தைச் சொல்கிறேன். மணியைப் பிடித்திருந்த குறுக்குப் பட்டைகளைக் கழற்றி எடுத்துவிட்டு, மேல்தட்டில் முந்நூறு வருஷத்துப் பிசுக்கைத் துணியால் துடைத்தேன். நடுவில் ஒரு துளை, பித்தளை வைத்து அடைத்து அரத்தால் தேய்த்திருந்தது, சுற்றியிருக்கும் பித்தளையைவிட அடைப்பு கொஞ்சம் சிவப்பு. சமன்சக்கரத்தின் கம்பி இறங்கிய இடம். ஓரத்தில் இரண்டு துளைகள் திறந்தபடி எதற்கும் உதவாமல், சமன்சக்கரத்தைத் தாங்கிய கையின் திருகுகள் இருந்தவை. இன்னொரு ஜோடி துளை, அது குட்டைப் பெண்டுல காலத்தது. அதற்கும் மேலே, இப்போது இருக்கும் நங்கூர நாக்கைத் தாங்கும் கைகள், அவற்றுக்காகத் தட்டில் வெட்டிய நீளப் பிளவு. மூன்று தலைமுறைக் கடிகாரக்காரர்கள் ஒரே உள்ளங்கை அகலத் தட்டில். டயலில் பெயரே இல்லாத கடிகாரம் அது, ஆனால் 1640 வாக்கில் செய்தது என்று அந்தத் துளைகளும் தூண்களும் சேர்ந்து சொல்லிவிட்டன.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. பிரபலமான பெயர் பொறித்த ஒன்றை, ஒரு வியாபாரியின் பேச்சை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மணியைக் கழற்றினால் மேல்தட்டில் அடைத்த துளை ஒன்றுகூட இல்லை. 1650 கடிகாரம் என்றால் சமன்சக்கரம் இருந்திருக்க வேண்டும், இருந்திருந்தால் துளை இருக்க வேண்டும். பெயரின் வெட்டை லென்ஸில் பார்த்தேன், மற்றச் செதுக்குவேலையின் ஓரங்கள் எல்லாம் காலங்காலமாகத் துடைத்துத் துடைத்து மழுங்கியிருக்க, பெயர் மட்டும் நகம் மாட்டுகிற கூர்மையோடு இருந்தது. கடிகாரம் 1690-களது, நல்ல கடிகாரம்தான், பெயர்தான் பின்னால் வந்தது. பணத்தைவிட, அதை உண்மையில் செய்தவரின் பெயரைச் சுரண்டி எடுத்திருப்பார்களே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியவை விக்டோரியா காலத்து வேலைகள். 1800-களின் இறுதியில் பழைய பாணிமேல் ஆசை வந்து, உள்ளே சுருள்வில் இயந்திரம் வைத்து, அலமாரிமேல் வைக்கும்படி லாந்தர் வடிவக் கடிகாரங்களை நிறையச் செய்தார்கள். டயலில் சாவித் துளை, இரண்டு முள். சாவித் துளையைப் பார்த்தாலே போதும், எடையில் ஓடும் லாந்தர் கடிகாரத்துக்குச் சாவி கிடையாது. இதில் கொடுமை, உண்மையான பழைய கடிகாரங்களையே உள்ளீடு முழுதும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தக் கூட்டுக்குள் புது இயந்திரத்தைத் திணித்தவையும் ஏராளம். வெளியே 1660, உள்ளே 1890. அந்தத் தூண்களைக் கையில் பிடிக்கும்போது மனசு கஷ்டப்படும்.

லண்டனில் தரையில் நிற்கும் நீளப்பெட்டிக் கடிகாரங்கள் வந்ததும் 1700-க்குப் பின் லாந்தரை அநேகமாகக் கைவிட்டார்கள். தாமஸ் டாம்பியன், ஜோசப் நிப் போன்ற பெரியவர்களும் லாந்தர் கடிகாரங்கள் செய்தவர்கள்தான், ஆனால் அவர்கள் புகழ் வேறு வகையில். கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் 1700-களின் நடுப்பகுதிவரை செய்துகொண்டிருந்தார்கள், தென் மாவட்டங்களில் அதற்குப் பின்னும். சாமர்செட்டில் சூ ஸ்டோக் என்ற சின்ன ஊரில் பில்பி குடும்பம் தேவாலய மணி வார்ப்பதோடு கடிகாரமும் செய்தது. லண்டன் விலையில் பாதிக்கு இப்படிப்பட்ட ஊர்க் கடிகாரம் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். துருக்கிச் சந்தைக்கென்று அந்நாட்டு எண்கள் பொறித்து லண்டனிலிருந்து அனுப்பிய சின்ன லாந்தர்களும் உண்டு, பார்த்தால் விடாதீர்கள்.

இப்போது உங்கள் படம். ஒற்றை முள், சாவித் துளை இல்லை, இரும்பு வளையமும் முனைகளும் தெரிகின்றன, பின்னால் நீளப் பெண்டுலம். நிஃப்டன் காலத்ததுதான் என்றால் கட்டாயம் மாற்றப்பட்ட கடிகாரம், அதில் தப்பில்லை, பட்டியலில் அதைச் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். ஏல நிறுவனத்துக்கு இன்றே எழுதி, மணியைக் கழற்றி மேல்தட்டை நேர்மேலிருந்து ஒரு படம், பக்கக் கதவுகளைத் திறந்து உள்ளே இரண்டு படம், டயலைக் கழற்ற முடிந்தால் அதன் பின்பக்கம் ஒரு படம் கேளுங்கள். பழைய டயலின் பின்னால் சுத்தியல் தடமும் சுரண்டிய கோடுகளும் இருக்கும், கண்ணாடி மாதிரி சமமாக இருந்தால் யோசியுங்கள். பெயரை மட்டும் கிட்டத்தில், விளக்கைச் சாய்வாகப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள், வெட்டின் ஓரம் மழுங்கியதா கூரானதா என்று அப்போதுதான் தெரியும். மேல்தட்டில் நடுவே அடைத்த துளை இருந்து, பெயரின் ஓரமும் மற்றச் செதுக்கலைப் போலவே தேய்ந்திருந்தால் தைரியமாகக் கை தூக்குங்கள். துளை இல்லையென்றால் அந்தப் பெயருக்காக ஒரு பவுண்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். படங்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன்.